ஞாயிறு ஃபைனல்: மெஸ்ஸியும் எம்பாப்பேயும் ஒரே ஓரத்தில் நிற்கிறார்கள், யார் பக்கம் முதலில் உடையும்?

முத்தியால்பேட்டை ரைட்பேக்
17 டிசம்பர் 2022, காலை 8:40

நாளை ராத்திரி எட்டரைக்கு கால்பந்து உலகக் கோப்பை ஃபைனல், அர்ஜென்டினாவும் பிரான்ஸும். அதற்குள் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா, 2018-இல் பால்கனியில் கட்டிய கொடியை மடித்து பீரோவில் வைத்திருந்தவர் இப்போது வெளியே எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். நான் மெஸ்ஸி கட்சி. வாதம் சத்தமாக நடக்குமே தவிர உருப்படியாக நடக்காது.

விஷயம் இதுதான். மெஸ்ஸி வலது பக்கமாக ஒதுங்கி நின்று பந்து வாங்குகிறவர். எம்பாப்பே இடது விங். ஆக மைதானத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ஓரம். இரண்டு பேருமே பந்து போய்விட்டால் திரும்பி ஓடுகிற ஆள் கிடையாது, அவர்களை ஓடச் சொல்ல எந்தக் கோச்சுக்கும் மனசும் வராது. பந்து அர்ஜென்டினாவிடம் இருந்தால் பிரான்ஸின் இடது பக்கத் தடுப்பாளர் தெயோ எர்னாண்டஸ் தனியாக மாட்டுவார். பிரான்ஸ் பந்தைப் பிடுங்கிவிட்டால் அர்ஜென்டினாவின் ரைட்பேக் (வலது பக்கத் தடுப்பாளர்) மொலினா தனியாக மாட்டுவார். நானும் ரைட்பேக் ஆடினவன் என்பதால் மொலினாவை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. மேலே ஏறி ஆடுவதுதான் அவர் பலம், நெதர்லாந்துக்கு எதிராக மெஸ்ஸி பாஸில் அடித்த கோல் அப்படி வந்ததுதான். ஏறினால் பின்னால் காலி. அந்தக் காலி இடத்தில் எம்பாப்பே கையில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

2018 உலகக் கோப்பையில், கசானில் எம்பாப்பே எங்களுக்குச் செய்ததை மறக்க முடியுமா? தன் பாதியிலிருந்து பந்தோடு ஓடி வந்தார், ரோஹோ இழுத்துப் போட்டார், பெனால்டி. அப்புறம் நாலு நிமிட இடைவெளியில் இரண்டு கோல். பிரான்ஸ் ஜெயித்தது 4-3 என்று ஸ்கோர் நெருக்கமாகத் தெரியும், ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு தூரம் என்று.

அர்ஜென்டினா கோச் ஸ்கலோனி ஆளுக்குத் தகுந்த மாதிரி வடிவத்தை மாற்றுகிறார். நெதர்லாந்துக்கு எதிராக ஐந்து பேக் (பின்னால் ஐந்து தடுப்பாளர்கள்), குரோஷியாவுக்கு எதிராக நடுகள ஆள் பரேதெஸைச் சேர்த்து 4-4-2 (பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு). நாளைக்கு எது? நீங்கள் ஸ்கலோனி இடத்தில் இருந்தால் எம்பாப்பேக்கு என்ன வழி செய்வீர்கள்? இன்னொன்று, பிரான்ஸின் நடுத் தடுப்பாளர்கள் வரானும் கொனாத்தேயும் காய்ச்சலில் நேற்று பயிற்சிக்கு வரவில்லை என்கிறார்கள், அது ஆட்டத்தை மாற்றுமா?

"மெஸ்ஸி கடவுள்", "பிரான்ஸ் வாழ்க" மாதிரிப் பதில்கள் வேண்டாம், தயவு செய்து.


குருசுக்குப்பம் நீலம்
காலை 9:25

மெஸ்ஸி கடவுள் என்று நான் சொல்லப் போவதில்லை, கவலைப்படாதே தம்பி. நான் நீலச் சட்டை.

நீ சொன்ன ஓரத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டாய், எங்கள் நடுகள ஆள் ரபியோ. எம்பாப்பே திரும்பி வரமாட்டார் என்பது பிரான்ஸ் கோச் தெஷாமுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அணியையே சாய்வாகக் கட்டியிருக்கிறார். இடது பக்கம் எம்பாப்பே விட்டுப்போகும் இடத்தை ரபியோ ஓடி அடைக்கிறார், சுவாமேனி நடுவில் நிற்கிறார், வலது பக்கம் டெம்பெலே கீழே இறங்கிக் கூண்டேக்குத் துணை நிற்கிறார். இதெல்லாம் போக கிரீஸ்மன். இந்த உலகக் கோப்பையில் அவர் ஃபார்வர்டே இல்லை, போக்பாவும் காந்தேயும் காயத்தில் வராமல் போன பிறகு இரண்டு பேர் வேலையையும் ஒருவரே பார்க்கிறார். இங்கிலாந்துக்கு எதிராக விழுந்த இரண்டு கோலுக்கும் பாஸ் அவருடையதுதான், அதே ஆட்டத்தில் தன் பெனால்டி ஏரியாவுக்குள் வந்து பந்தைத் தட்டிவிட்டதும் அவர்தான். கோல் அடிப்பவர் பட்டியலில் பெயர் இல்லாததால் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

பென்ஸேமா, போக்பா, காந்தே, கிம்பெம்பே, நுகுங்கு, மெனியான் எல்லாரும் காயம். முதல் ஆட்டத்திலேயே லூக்கா எர்னாண்டஸ் முழங்கால் போயிற்று. அதனால்தான் அண்ணன் இடத்தில் தம்பி தெயோ ஆடுகிறார். வேறு எந்த அணியாக இருந்தாலும் குரூப்பிலேயே மூட்டை கட்டியிருக்கும். இவ்வளவு பேர் இல்லாமல் ஃபைனல் வந்த அணிக்கு இரண்டு பேருக்குச் சளி என்றால் என்ன பெரிய விஷயம்? அரையிறுதிக்கு ரபியோவும் உபமெகானோவும் வரவில்லை, ஃபோஃபானாவும் கொனாத்தேயும் ஆடினார்கள், இந்தக் கோப்பையில் பிரான்ஸ் கோல் வாங்காத ஒரே ஆட்டம் அதுதான்.

அப்புறம் ஒரு விஷயம். பந்து நிறைய நேரம் காலில் இருந்தால் ஆட்டம் நம் கையில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் மொராக்கோ ஆட்டத்தை மறுபடி பார்க்கட்டும். ஐந்தாவது நிமிடம் தெயோ ஒன்று போட்டார், அதற்குப் பிறகு பந்தை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் பிரான்ஸ் காத்திருந்தது. எல் யாமிக் தலைகீழாக அடித்தது போஸ்ட்டில் பட்டது, அது உள்ளே போயிருந்தால் கதை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகவில்லை. 79-இல் கோலோ முவானி உள்ளே வந்து மூச்சு விடுவதற்குள் கோல். தெஷாம் ஆட்டம் பார்க்க அழகாக இருக்காது. 1998-இல் கேப்டனாகத் தூக்கினார், 2018-இல் கோச்சாகத் தூக்கினார், நாளைக்கும் தூக்கினால் கோச்சாக இரண்டு முறை ஜெயித்த இத்தாலியின் போஸ்ஸோ பக்கத்தில் போய் நிற்பார். அழகு யாருக்கு வேண்டும்?


மஞ்சக்குப்பம் கார்னர்
காலை 10:10

நான் கடலூர். இங்கிலாந்து கட்சி. சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.

பிரான்ஸ் எங்களை வென்ற போன ஞாயிறு விடியற்காலையிலிருந்து புதுச்சேரிக்காரர்களுக்கு வாய் அடங்கவில்லை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து எங்கள் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தது முதல் லெக் என்றால், 1761-இல் இங்கிலீஷ்காரன் உங்கள் ஊரைப் பிடித்துத் தரைமட்டம் ஆக்கினது இரண்டாம் லெக். மொத்த ஸ்கோர் என்ன என்று நீலம் அண்ணனே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் தோற்ற ஆட்டத்தில்தான் பிரான்ஸின் ஓட்டை எங்கே என்று நன்றாகத் தெரிந்தது. இரண்டு பெனால்டியும் எப்படி வந்தன என்று பாருங்கள். முதலாவது, சாகா வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்தார், சுவாமேனி காலை நீட்டினார். இரண்டாவது, தெயோ யோசிக்காமல் மவுண்ட் முதுகில் மோதினார். சாகா அந்தப் பக்கம் முழு ஆட்டமும் தெயோவைப் படுத்தி எடுத்தார். ரபியோ அடைப்பார் அடைப்பார் என்று அண்ணன் சொல்கிறாரே, அன்றைக்கு ரபியோ ஆடினார்தான், அடைக்க முடிந்ததா? சாகாவுக்கே இந்த நிலைமை என்றால் அந்த இடத்தில் மெஸ்ஸி வந்து நின்றால்? குரோஷியாவின் குவார்தியோல் இந்தக் கோப்பையின் மிகச் சிறந்த ஸ்டாப்பர்களில் (நடுத் தடுப்பாளர்களில்) ஒருவர், அவரையே அந்த வலது ஓரத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு போய் ஆல்வரெஸுக்குக் கொடுத்தார் இல்லையா.

தெஷாமுக்கே பயம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி மொராக்கோ ஆட்டத்தில் இருக்கிறது. ஹக்கிமியும் சியேகும் அந்தப் பக்கமே ஏறிக்கொண்டிருந்தார்கள். 65-இல் ஜிரூவை வெளியே எடுத்துத் துராமை இடது ஓரத்தில் போட்டு எம்பாப்பேயை நடுவுக்குத் தள்ளினார். ஓட்டை இல்லை என்றால் எதற்கு அடைப்பு?

(சுவாமேனி கோலுக்கு முன்னால் சாகாவை உபமெகானோ தள்ளினது ஃபௌல். இதை நான் சாகும்வரை சொல்வேன். இரண்டாவது பெனால்டியைக் கேன் வானத்துக்கு அடித்ததைப் பற்றி யாரும் பேசக் கூடாது.)


நெட்டப்பாக்கம் எக்ஸ்பிரஸ்
காலை 10:14

மெஸ்ஸி கடவுள்.


முத்தியால்பேட்டை ரைட்பேக்
காலை 10:50

வந்துவிட்டான் எக்ஸ்பிரஸ். சொன்னேனே வேண்டாம் என்று.

கார்னர் ப்ரோ, நீங்கள் சொல்வது மெஸ்ஸி பக்க நியாயம், எனக்குக் கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பயம் மறு பக்கத்தில். அந்த ஆட்டத்தில் வாக்கர் இருந்தார், எம்பாப்பேயோடு ஓரளவுக்கு ஈடுகொடுத்து ஓட முடிந்த பேக். மொலினா வாக்கர் கிடையாது. அதனால் ஐந்து பேக் ஆடிவிட்டால் என்ன? ரொமேரோ வலது ஸ்டாப்பராக ஒதுங்கி நிற்பார், மொலினா ஏறினாலும் பின்னால் ஒரு ஆள் இருக்கும். லிசாண்ட்ரோவும் உள்ளே வருவார். நெதர்லாந்து ஆட்டத்தில் 80 நிமிடம் வரைக்கும் அது வேலை செய்தது.

உப்பளம் கோச் சார் இந்தப் பக்கம் வந்தால் சொல்லட்டும், அவர் ஒருவர்தான் எங்களை நிற்க வைத்துத் திட்டிக் கற்றுக்கொடுத்தவர்.


உப்பளம் விசில்
மதியம் 1:35

திட்டினது போதவில்லை என்று இப்போது தெரிகிறது. ஐந்து பேக்காம்.

யோசித்துப் பார் தம்பி. ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தினால் நடுவில் எத்தனை பேர் மிச்சம்? மூன்று. டி பால், என்ஸோ, மக் அலிஸ்டர். முன்னால் மெஸ்ஸி, ஆல்வரெஸ். இப்போது கிரீஸ்மன் எங்கே நிற்பார் என்று பார், டி பாலுக்கும் ஒட்டமெண்டிக்கும் நடுவில் எவரும் இல்லாத இடத்தில் வந்து நிற்பார். எம்பாப்பேக்குப் பூட்டுப் போடுகிறேன் என்று இங்கிலாந்து செய்ததும் இதுதான். வாக்கர் எம்பாப்பேயை ஓரளவுக்குப் பிடித்தார், எல்லார் கண்ணும் அந்தப் பக்கமே இருந்தது, 78-இல் இடது பக்கம் ஆள் இல்லாமல் நின்று கிரீஸ்மன் தூக்கிப் போட்டார், ஜிரூ ஹெட். எம்பாப்பே பந்தைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே எம்பாப்பே காலுக்குப் பந்து வந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்காதே. வருவதற்கு முன்னால் யோசி. அவருக்குப் பந்து எங்கிருந்து வருகிறது? முக்கால்வாசி நேரம் கிரீஸ்மனிடமிருந்து, இல்லாவிட்டால் ரபியோவிடமிருந்து. நடுவில் நான்கு பேர் இருந்தால் அந்தப் பாஸ் கிளம்புகிற இடத்திலேயே காலை வைக்கலாம். குரோஷியாவுக்கு எதிராக பரேதெஸைச் சேர்த்து நான்கு பேரை நிறுத்தினதும் இதற்குத்தான், மோத்ரிச், புரோசோவிச், கோவாசிச் மூன்று பேரும் பந்தை அழகாக வைத்திருந்தார்கள், ஆனால் முன்னால் அனுப்ப முடியவில்லை. நான் ஸ்கலோனி என்றால் அதே 4-4-2, ஒரு மாற்றமும் கிடையாது. அகுன்யா சஸ்பென்ஷன் முடிந்து வந்துவிட்டார்தான், இருந்தாலும் இடது பேக்காகத் தாக்லியாஃபிகோவையே வைப்பேன், அகுன்யா ஏறினால் இறங்க மறந்துவிடுவார்.

டி பால் மேல்தான் எல்லாம் இருக்கிறது. அவருக்கு இரண்டு வேலை. மெஸ்ஸி பந்து வாங்கும்போது தெயோவை இழுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும், பந்து போன அடுத்த நொடி மொலினா முன்னால் வந்து நிற்க வேண்டும். தொண்ணூறு நிமிடம் இதைச் செய்ய ஒரு மனிதனால் முடியாது. எழுபது நிமிடம் முடியும். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் என் கேள்வி, உன் கேள்வி தப்பான இடத்தில் இருக்கிறது.

அர்ஜென்டினாவின் வியாதி அங்கேதான் ஆரம்பம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 2-0, வசதியாக இருந்தார்கள், 77-இல் ஒரு கோல் வாங்கினார்கள், கடைசி நிமிடத்தில் கூவோல் என்கிற சின்னப் பையன் அடித்ததை கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் விழுந்து பிடித்திருக்காவிட்டால் எக்ஸ்ட்ரா டைம். நெதர்லாந்துக்கு எதிராக மறுபடியும் 2-0, வெக்ஹார்ஸ்ட் வந்தார், உயரமான ஆள், 83-இல் ஒன்று, இஞ்சுரி டைமின் பதினோராவது நிமிடத்தில் ஒன்று. இரண்டிலும் ஒரே கதை. முன்னால் போனதும் பத்துப் பத்து அடியாகப் பின்னால் வருகிறார்கள், கால் தளர்கிறது, எதிராளி தூக்கித் தூக்கிப் போடுகிறான். மாண்டஸ் புயல் கரையைக் கடந்த ராத்திரி அது, கரண்ட் போய் போனில்தான் பார்த்தேன், வெளியே அடித்த காற்றைவிட அந்தப் பதினோரு நிமிடம் எனக்கு மோசமாக இருந்தது.

நெதர்லாந்திடம் உயரம் மட்டும்தான் இருந்தது. பிரான்ஸிடம் உயரமும் இருக்கிறது, பெஞ்சில் வேகமும் இருக்கிறது. கோலோ முவானி, துராம், கோமான், கமவிங்கா. எழுபது நிமிடத்துக்கு மேல் இவர்கள் வரும்போது அர்ஜென்டினாவில் யார் ஓடுவார்கள்? 2-0 முன்னால் இருந்தாலும் நான் நாற்காலியில் சாய மாட்டேன், நீயும் சாயாதே.


குருசுக்குப்பம் நீலம்
மதியம் 2:05

கோச் சார் சொன்னதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, முதல் தடவையாக. எங்கள் கோல்கீப்பர், கேப்டன் லோரிஸை மட்டும் எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.


மாஹே மறவன்
மாலை 4:20

நான் மாஹேக்காரன், வேலை லாஸ்பேட்டையில், தமிழில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் யூனியன் பிரதேசத்தில் உண்மையான பைத்தியக்காரர்கள் எங்கள் ஊரில்தான் இருக்கிறோம் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்தான், ஆனால் பாதிப் பேர் அர்ஜென்டினா, பாதிப் பேர் பிரேசில். கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி கட்அவுட் வைத்ததைப் பார்த்திருப்பீர்கள், எங்கள் பக்கம் அது சாதாரணம்.

எல்லாரும் ஒரே ஓரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். டி மரியா என்று ஒருவர் இருக்கிறார், ஞாபகம் இருக்கிறதா? தொடையில் பிரச்சினை, போலந்து ஆட்டத்துக்குப் பிறகு சரியாக ஆடவில்லை, நெதர்லாந்து ஆட்டத்தில் எக்ஸ்ட்ரா டைமில் கொஞ்ச நேரம் வந்தார். ஆனால் பெரிய ஃபைனல் என்றால் அந்த மனிதருக்கு ஏதோ ஆகிவிடும். 2021 கோப்பா (தென் அமெரிக்கக் கோப்பை) ஃபைனலில் மரக்கானாவில் பிரேசிலுக்கு எதிராக ஒரே கோல், அவருடையது. இந்த வருஷம் ஐரோப்பிய சாம்பியன் இத்தாலியோடு நடந்த ஃபினலிஸ்ஸிமா ஆட்டத்திலும் ஒன்று போட்டார். 2014 ஃபைனலில் காயத்தால் ஆட முடியவில்லை, என்ன ஆயிற்று என்று தெரியும்.

என் யோசனை, அவரை முதல் நிமிடத்திலிருந்து இறக்க வேண்டும், அதுவும் வழக்கமான வலது பக்கத்தில் வேண்டாம், இடது பக்கத்தில். கூண்டே அசலில் ஸ்டாப்பர், ரைட்பேக் இல்லை. டெம்பெலே துணைக்கு வருவார் என்கிறார் நீலம் அண்ணன், டெம்பெலே வருவது எனக்கு நம்பிக்கை இல்லை. மெஸ்ஸி வலது பக்கம் நின்று நாலு பேரை இழுத்தால் அந்தப் பக்கம் டி மரியா தனியாக இருப்பார். அறுபது நிமிடம் ஓடினால் போதும்.


மஞ்சக்குப்பம் கார்னர்
மாலை 4:32

டி மரியா இடது பக்கமா? முழுசாகக் குணமாகாத ஒரு 34 வயசுக்காரரை, பழக்கம் விட்டுப்போன பக்கத்தில், உலகக் கோப்பை ஃபைனலில்? தெயோதான் ஓட்டை என்று நாங்கள் காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறோம், நீ எதிர்ப் பக்கம் போய்க் கதவைத் தட்டுகிறாயே சேட்டா. பரேதெஸை எடுத்துவிட்டு அவரைப் போட்டால் நடுவில் மூன்று பேர், கோச் சார் பாடம் எல்லாம் போச்சு.


உப்பளம் விசில்
மாலை 5:00

சிரிக்க வேண்டாம். யோசனை கெட்ட யோசனை இல்லை, கூண்டே பற்றிச் சொன்னது சரி. ஆனால் டி மரியாவை இரண்டாம் பாதியில் புதுக் காலாக இறக்குவதுதான் புத்திசாலித்தனம். எழுபது நிமிடத்துக்கு மேல் ஆளே இல்லை என்று நான்தானே அழுதேன். அந்த ஒரு காலையும் முதலிலேயே செலவு செய்துவிட்டால் அப்புறம் யாரை அனுப்புவது? லௌத்தாரோ வருவார், ஆனால் அவர் கால் இந்தக் கோப்பையில் கோல் பக்கம் திரும்பவே இல்லை.


முத்தியால்பேட்டை ரைட்பேக்
இரவு 9:45

மூன்றாம் இட ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, பெரியப்பாவுக்கு அதில் ஆர்வம் இல்லை, செய்தி படித்துக்கொண்டிருக்கிறார். பிரான்ஸ் அணியில் 24 பேரும் இன்றைக்குப் பயிற்சிக்கு வந்துவிட்டார்களாம். வரான், கொனாத்தே, கோமான் எல்லாரும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

கோச் சார், கிரீஸ்மனை அடைத்தால் எம்பாப்பேக்குப் பந்து வராது என்பது புரிகிறது. கால் தளர்ந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு நீங்களும் பதில் சொல்லவில்லையே?


உப்பளம் விசில்
இரவு 10:20

பதில் இருக்கிறது, உனக்குப் பிடிக்காது. பந்தை வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருக்கும்போது பின்னால் வராமல், மெஸ்ஸி, என்ஸோ, மக் அலிஸ்டர் மூன்று பேரும் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்து ஆட்டத்தைத் தூங்க வைக்க வேண்டும். போலந்துக்கு எதிராகச் செய்தார்கள், 2-0 போட்ட பிறகு அவர்களுக்குப் பந்தே கிடைக்கவில்லை. அதைச் செய்ய முடிந்த அணிதான் இது, ஆனால் நாக்அவுட் வந்ததும் பயத்தில் மறந்துவிடுகிறார்கள். பெஸ்ஸெல்லாவையும் லிசாண்ட்ரோவையும் உள்ளே கொண்டு வந்து சுவர் எழுப்பினால் அது பிரான்ஸுக்குக் கொடுக்கிற அழைப்பிதழ்.

அப்படியும் சமமாகி பெனால்டி வரைக்கும் போனால் எனக்குப் பயம் இல்லை, பிரான்ஸுக்குத்தான் இருக்க வேண்டும். எமிலியானோ மார்ட்டினெஸ் நெதர்லாந்தின் முதல் இரண்டையும் பிடித்தார், வான் டைக், பெர்க்ஹவுஸ். போன வருஷம் கோப்பா அரையிறுதியில் கொலம்பியாவுக்கு எதிராக மூன்று. நீலம் தம்பி மதியம் லோரிஸ் பெயரைச் சொன்னாரே, போன வருஷம் யூரோ (ஐரோப்பியக் கோப்பை) பெனால்டியில் அவருக்கு எதிராக சுவிட்சர்லாந்து ஐந்து அடித்தது, ஐந்தும் உள்ளே. கடைசி அடியை விட்டவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், பெயர் எ-வில் ஆரம்பிக்கும்.


குருசுக்குப்பம் நீலம்
இரவு 10:41

சார், அடி வயிற்றில் அடிக்கிறீர்கள். 2006 உலகக் கோப்பை ஃபைனலில் பெர்லினில் பெனால்டியில் தோற்றதே இன்னும் ஆறவில்லை, த்ரெசெகே அடித்தது கம்பியில் பட்ட சத்தம் இப்போதும் கேட்கிறது. அந்த அணியில் தொராசூ இருந்தார், மொரீஷியஸ் வழியாக வந்த நம் வம்சாவளி, பெஞ்சில் அவரைக் காட்டும்போதெல்லாம் தெருவே கத்தியது.

பெனால்டி வராது. எம்பாப்பே ஒன்று, ஜிரூ ஒன்று, 2-1 பிரான்ஸ், தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மார்சினியாக் ரெஃபரி என்பதும் நல்லது, டென்மார்க் ஆட்டத்தில் பார்த்தேன், தொட்டதற்கெல்லாம் ஊத மாட்டார்.


முத்தியால்பேட்டை ரைட்பேக்
இரவு 11:05

அதே மார்சினியாக்தான் எங்கள் ஆஸ்திரேலியா ஆட்டத்துக்கும், அண்ணா. இரண்டு பேருக்கும் ராசி.

என் கணக்கு 2-1 அர்ஜென்டினா. முதல் கோல் தெயோ பக்கத்திலிருந்துதான் வரும், மாஹே சேட்டன் கோபிக்க வேண்டாம். எம்பாப்பே ஒன்று போடுவார், அதைத் தடுக்க முடியாது, தடுக்க முடியாத ஒன்றோடு நிறுத்தினால் போதும்.

எங்கள் மொட்டை மாடியில் வெள்ளைத் திரை கட்டி புரொஜக்டர் வைக்கிறோம். இடது பக்கம் பெரியப்பாவும் அவர் கூட்டாளி சொல்தாக்களும், வலது பக்கம் நாங்கள். தமிழ் வர்ணனை. போனில் பார்ப்பவர்கள் யாரும் வர வேண்டாம், அது கொஞ்சம் பிந்தித்தான் வரும், பக்கத்து மாடி கத்தினதும் கோல் என்று தெரிந்துபோகும். மாடியில் ஒருவன் கையிலும் போன் இருக்கக் கூடாது, கீழே கூடையில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.


மஞ்சக்குப்பம் கார்னர்
இரவு 11:12

இங்கிலாந்துக்காரன் எந்தப் பக்கம் உட்கார்வது? எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி என்று போனால் பதினொன்றைத் தாண்டும், கடலூர் திரும்புவதற்கு பஸ்ஸை நம்ப முடியாது, வண்டியில் வருகிறேன், ரெட்டிச்சாவடி தாண்டினால் பனி வேறு. அண்ணன் ஜெயித்தால் உடனே கிளம்பிவிடுவேன், அவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது.


மாஹே மறவன்
இரவு 11:20

நானும் வருகிறேன். டி மரியா இடது பக்கம் இறங்கினால் பிரியாணி கார்னர் கணக்கு.


மஞ்சக்குப்பம் கார்னர்
இரவு 11:22

ஒத்துக்கொண்டேன். இறங்காவிட்டால் எல்லாருக்கும் நீ வாங்க வேண்டும், மட்டன்.